ஜன்னல் வரிசையின் எழுப்பு வரி

என் மருமகள் ஒற்றை வரி எழுதி நூறு பேரை ஒரே மூச்சில் எழுப்பி உட்கார வைத்தவள். சரி, நூறு இல்லை. பேர்களும் இல்லை, பெட்டிகள். உட்காரவும் இல்லை, அவள் வேலை பார்க்கும் இடத்தில் உட்கார முடிந்தவர்களே குறைவு. கொஞ்சம் ஊதித்தான் சொல்கிறேன். என் கதைகளில் காற்றை இறக்கிவிட்டுக் கேட்பது எங்கள் வீட்டாருக்குப் பழகிப்போன வேலை, நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் காற்றெல்லாம் இறங்கிய பிறகும் மிச்சம் நிற்கிறதே ஒன்று, அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் திறந்த வாய் மூடவில்லை.

முதுகெலும்பில் அடிபட்டவர்கள் மாதக்கணக்கில் தங்கித் தேறும் இல்லம் அது. இரண்டு மாடி, நீள நீளமான வார்டுகள், சக்கர நாற்காலி உரசி உரசி முழங்கால் உயரத்துக்குச் சாயம் போன சுவர்கள். அங்கே மருமகள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே, முன்பு வாளியும் துடைப்பமும் போட்டு வைத்திருந்த முக்கோண அறையில் இருக்கிறாள். அவளோடு, கட்டில்களில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் தாய் போன்ற ஒரு சர்வர் இருக்கிறது. கூரை சரிந்து வருவதால் நிமிர்ந்தால் மண்டை இடிக்கும். இடிக்கும் இடத்தில் ஒரு பழைய தலையணையைக் கட்டி வைத்திருக்கிறாள். அந்த அறையிலிருந்துதான் அத்தனை கட்டில்களின் காலையும் விடிகிறது.

அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதில் அவரோடு போனபோது ஒருமுறை லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாளாம். வேறு பிள்ளையாக இருந்தால் அழுது ஊரைக் கூட்டியிருக்கும். இவள் கதவு இடுக்கில் வாயை வைத்து, "அப்பா, கரண்ட் போய் வந்தா இந்த லிஃப்டுக்குத் தான் எந்த மாடியில இருக்கோம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள். தெரியாது என்றாராம் அப்பா. அதனால்தான் கரண்ட் வந்ததும் அது யார் கூப்பிட்டாலும் காதில் வாங்காமல் முதலில் அடித்தளத்துக்குப் போய்த் தொட்டுவிட்டு வரும், அங்கே போனால்தான் அதற்குத் தான் இருக்கும் இடம் புரியும் என்றாராம். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் கண் விரியும். ஒரு பொருளுக்குத் தன்னைப் பற்றி எப்படித் தெரிகிறது என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி. படித்ததும் அதைத்தான், பிழைப்பதும் அதில்தான்.

என் பையன் முதல்முறை அவளை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, வந்து உட்கார்ந்தவள் தண்ணீரைக் கூடக் குடிக்கவில்லை. "இன்டர்நெட் பெட்டியை யாரு ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி வெச்சது?" என்றாள். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்தப் பெண் நமக்குத்தான் என்று. இத்தனை வருஷமாக அவரை மடக்க எனக்கு ஒரு ஆள் கிடைக்காமல் இருந்தது.

இப்போது அந்தப் பெட்டிகள். கட்டிலுக்கு ஒரு திரை, திரையின் முதுகில் திருகி வைத்த ஒரு பெட்டி, சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. தின் கிளையன்ட் என்பது தொழில் பெயர். ஒல்லிப்பெட்டி என்று நான் வைத்த பெயர்தான் இப்போது இல்லத்தில் எல்லார் வாயிலும். ஏதோ ஒரு பெரிய ஆபீஸ் வேண்டாமென்று கழித்துக் கொடுத்தவை. ஒன்றை அவள் என் முன்னால் திறந்து காட்டினாள். விசிறி கிடையாது, ஆகவே சத்தம் கிடையாது. வலியில் கண்ணயர்ந்தவர் தலைமாட்டில் தாராளமாக வைக்கலாம். டிஸ்க் கிடையாது, ஆகவே ஞாபகமும் கிடையாது. அணைத்துவிட்டால் தான் யார் என்பதே அதற்கு மறந்துபோகும்.

"அப்புறம் எப்படிடி வேலை செய்யும்?"

"கேக்கும் அத்தை. ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து கேக்கும்."

பொத்தானை அழுத்தியதும் அந்தக் காலிப் பெட்டி கம்பி வழியே ஒரு கூவல் விடுகிறது: யாராவது இருக்கிறீர்களா, நான் யார்? மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சர்வர் பதில் சொல்கிறது: இது உன் விலாசம், இங்கே வா, இதை எடுத்துக்கொள். பெட்டி போய் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மூலப்பகுதியை வாங்கிக்கொள்கிறது. அதோடு ஒரு நீளமான வரியும் கிடைக்கிறது. எப்படி எழுந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வரியில் இருக்கும். சத்தமில்லாமல் எழு, திரையின் அளவு இது, விசைப்பலகை இந்த மொழி, ஒலி காதுக்கருவியில் மட்டும். பூட் ஆப்ஷன் என்பார்கள், நாங்கள் எழுப்பு வரி என்போம். ஒன்றுமே இல்லாமல் விழித்த பெட்டி ஒரு நிமிஷத்துக்குள் முழுசான கம்ப்யூட்டராக நிற்கிறது. தினமும் காலையில் இதேதான். இப்படிக் கம்பி வழியே கேட்டுக் கேட்டு எழுவதற்கு நெட்வொர்க் பூட் என்று பெயர். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. நான் அதைச் சொன்னதும் அவள் சிரித்தாள்.

"இதுல என்ன அத்தை அதிசயம்? உங்க பையனும் நெட்வொர்க் பூட்தான். எழுந்ததும் இன்னிக்கு என்ன கிழமை, என் சட்டை எங்க, நான் எங்க போகணும்னு என்னைத்தானே கேக்கறார்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக் கேட்டுட்டு இருந்தான். சர்வர்தான் மாறியிருக்கு," என்றேன்.

இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. ஒருநாள் அங்கே தங்கியிருந்த பேக்கரிக்காரர் ஒருவர், கைநடுக்கம் உள்ளவர், தன் மகளுக்கு என்னவோ தட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஒரு எழுத்துக்கு அவர் படும் பாடு பார்த்தவர்களுக்குத் தெரியும். போச்சு, எல்லாம் போச்சு என்று மனுஷன் கண்ணை மூடிக்கொண்டார். கரண்ட் வந்தது, பெட்டி கூவியது, வரி கிடைத்தது, எழுந்தது. பாதியில் நின்ற சொல் பாதியிலேயே நின்று அவருக்காகக் காத்திருந்தது. அவர் வேலையெல்லாம் பெட்டியில் இல்லை, பாட்டரி தாங்கிப் பிடித்திருந்த சர்வரில் நடந்துகொண்டிருந்தது. பெட்டி வெறும் ஜன்னல்தான். பேக்கரிக்காரர் திரையைத் தொட்டுப் பார்த்தார். "இது செத்துப் பொழைச்சுதா, இல்ல நான் செத்துப் பொழைச்சேனா?" என்று கேட்டாராம்.

அந்த வரியை அவள் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் தலையிலும் அடிபட்ட ஒரு இளைஞருக்கு, ஏதாவது மினுக் மினுக்கென்று மின்னினால் வலிப்பு வரும். அவருடைய வரியில் எழும்போது வரும் படம், ஓடும் எழுத்து, கண் சிமிட்டும் அந்தச் சின்னக் கோடு எல்லாவற்றையும் நிறுத்தினாள். அவர் திரை மட்டும் விடியற்காலை வானம் போல மெதுவாக, ஒரு துடிப்பும் இல்லாமல் வெளுக்கும். அந்த ஒரு கோடு சிமிட்டாமல் இருக்க எந்தச் சொல்லை எழுதுவது என்று தேடி அவள் ஒரு வாரம் எங்களோடு பேசவே இல்லை. (இரண்டு நாள். ஆனால் வாரம் போல இருந்தது.)

இனி, ஸ்டேஷன். அது அவருடைய பட்டப்பெயர். ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவர். எந்தச் சரக்கு வண்டி எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும், எது எதைத் தாண்டிப் போக வேண்டும் என்று பலகையைப் பார்த்துக்கொண்டே உத்தரவு போடுவது அவர் தொழில். வீடு மாற்றும்போது பீரோவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிச் சறுக்கியவர். கால் இரண்டும் போயின. கைகள் நன்றாக இருக்கின்றன. முதுகில் புண் வந்துவிட்டதால் உட்காரவோ மல்லாந்து படுக்கவோ கூடாது. இடப்பக்கமாகத்தான் படுக்க வேண்டும். பக்கவாட்டில் படுத்துக்கொண்டு நேராக நிற்கும் திரையைப் படித்துப் பாருங்கள், அரைமணியில் கழுத்து கழன்று கையில் வந்துவிடும்.

மருமகள் அவர் கழுத்தைத் தேய்த்துக்கொள்வதைக் கவனித்தாள். பக்கத்துக் காலிக் கட்டிலில் ஏறி, அவர் படுத்திருப்பது போலவே சாய்ந்து படுத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் தலைமை நர்ஸ் வந்தார். அவரை எல்லாரும் கமாண்டர் என்றுதான் சொல்வார்கள், பெரும்பாலும் அவர் இல்லாதபோது.

"செருப்போட கட்டில்ல ஏறியிருக்கியே, உனக்கு வீடு வாசல் இல்ல?"

"ரெண்டு நிமிஷம் சிஸ்டர். இவர் என்ன பாக்கறார்னு பாக்கறேன்."

"அவர் என்ன பாக்கறாரோ தெரியாது. நான் பாக்கறது அழுக்குப் போர்வையை. நீதான் மாத்தணும்."

போர்வையையும் மாற்றினாள், திரையையும் மாற்ற வழி தேடினாள். திரையைக் கையால் திருப்ப முடியாது. நோயாளி மேல் விழுந்துவிடக் கூடாதென்று தாங்கும் கையோடு சேர்த்து முறுக்கி அடித்திருக்கிறார்கள், அதன் திருகைத் தொட்டால் கமாண்டர் நம் திருகைக் கழற்றிவிடுவார். பெட்டியோ பழசு. விழித்துவிட்டால் முகத்தைத் திருப்பாது, விழிக்கும்போதே சொன்னால்தான் கேட்கும். ஆகவே எழுப்பு வரியில்தான் சொல்ல வேண்டும். ஸ்டேஷனுடைய பெட்டிக்கென்று தனியாக ஒரு வரி எழுதினாள்: படத்தை இடப்பக்கம் சாய்த்து எழு.

பெட்டி எழுந்தது. நின்று பார்த்தவர்களுக்கெல்லாம் படம் குடித்துவிட்டு விழுந்தவன் போலக் கிடந்தது. ஸ்டேஷன் திரையிலிருந்து ஒரு வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்த ரூம்ல எல்லாமே சாய்ஞ்சிருக்கும்மா. இது ஒண்ணுதான் நேரா இருக்கு."

இப்படியிருக்கும்போது அவருடைய பழைய மேலதிகாரி வந்து பார்த்தார். ஒரு நாள், ஒரே ஒரு காலை ஷிஃப்டைக் கட்டிலிலிருந்தே, அந்தத் திரையிலேயே பார்க்கட்டும். பத்து மணிக்குத் தொடங்கி மதியம் வரை ஒழுங்காக ஓட்டிவிட்டால் இருக்கை அவருடையதே. முடியாவிட்டால் அந்த இடத்தில் வேறொருவரை உட்கார வைத்தே தீர வேண்டும், மேலே பதில் சொல்ல முடியவில்லை என்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் வார்த்தையில் இரண்டாவது நாள் என்று ஒன்று இல்லை. ஸ்டேஷனின் மனைவி அன்றிலிருந்து நாளை எண்ணத் தொடங்கினார். ஸ்டேஷன் மருமகளிடம் மட்டும் ஒன்று சொன்னார்: "இது போச்சுன்னா, அப்புறம் நான் வெறும் கட்டில் நம்பர்தான்மா."

அந்த நாளும் வந்தது. எனக்கு அன்று அதே இல்லத்தில் மணிக்கட்டைக் காட்ட வேண்டியிருந்தது. (திருடனைத் துரத்தும்போது உடைந்தது என்று ஊருக்குச் சொல்லியிருந்தேன். குளியலறை.) டாக்டர் வரும்வரை மருமகளின் முக்கோண அறையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் எல்லாவற்றையும் முந்தின நாளே சரிபார்த்துவிட்டதால் நிம்மதியாகக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்த போன் அடித்தது. கமாண்டர். காலைச் சோதனையில் ஸ்டேஷனுடைய இடது இடுப்பில் சிவந்து கன்றியிருக்கிறது, புதுப் புண் கிளம்பப் பார்க்கிறது. டாக்டர் உத்தரவு, இனிமேல் இடப்பக்கம் படுக்கவே கூடாது. இதோ, வலப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாகிவிட்டது. திரையையும் அதன் தாங்கும் கையோடு கட்டிலின் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாகிவிட்டது.

இவள் காபியை அப்படியே கீழே வைத்துவிட்டாள். எனக்குப் புரியவில்லை. "மறுபக்கம் படுத்தா என்னடி?"

"இடப்பக்கம் சாய்ஞ்சவருக்கு நேரா இருந்தது, வலப்பக்கம் சாய்ஞ்சவருக்குத் தலைகீழா இருக்கும் அத்தை."

பத்துக்கு இன்னும் அரைமணிக்கு மேல் இருந்தது. ஒரு வரியை மாற்ற வேண்டும், பெட்டியை அணைத்து எழுப்ப வேண்டும். அவளுக்கு அது கொட்டாவி விடும் நேரம்தான். ஆனால் அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. பழைய வரியை அழித்துவிட்டுப் புது வரி எழுத மாட்டாள். புதியதை வேறொரு பெயரில் எழுதிப் பக்கத்தில் தூங்கப் போட்டுவிடுவாள். ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்த பிறகே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதன் இடத்தில் வைப்பாள். தெருவில் நடக்கும்போது ஒரு கால் தரையில் பதிந்த பிறகுதான் மறு காலைத் தூக்குகிறோமே, அப்படி.

அந்தத் தூங்கும் பெயரை எப்படி வைப்பாள் என்று சொல்ல வேண்டும், வினை அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் ஒரு பெட்டியின் விலாசத்தையே பெயராகக் கொண்டிருக்கும். பெட்டி எழும்போது தன் முழு விலாசத்தைச் சொல்லி, இந்தப் பெயரில் எனக்கு வரி இருக்கிறதா என்று கேட்கும். இருந்தால் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சோர்ந்து உட்காராது. விலாசத்தின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு மறுபடி கேட்கும். அதற்கும் இல்லையா, இன்னும் ஒரு எழுத்தை விடும். வீட்டு எண்ணுக்கு ஆள் இல்லையென்றால் தெருப் பெயரைச் சொல்லி, தெருவும் இல்லையென்றால் பேட்டையைச் சொல்லி விசாரிப்பது போல. கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் வரியிடம் வந்து நிற்கும். எப்பேர்ப்பட்ட பொறுமை பாருங்கள்! எந்தக் கதவும் திறக்காவிட்டாலும் தெருக்கோடி வரை போய்க் கேட்டுவிட்டுத்தான் ஓயும்.

ஆகவே தூங்கப் போடும் வரிக்கு அவள் விலாசத்தின் கடைசியில் ஒரு எழுத்தைக் கூட்டி வைப்பாள். அப்படி ஒரு விலாசம் எந்தப் பெட்டிக்கும் கிடையாது, யாரும் கேட்க மாட்டார்கள், நிம்மதியாகத் தூங்கும். அன்று போன் மறுபடி மறுபடி அடித்தது. ஸ்டேஷனுடைய மனைவி, கமாண்டர், மறுபடியும் மனைவி. ஒரு காதில் ரிசீவரைத் தோளால் இடுக்கிக்கொண்டு தட்டியவள், ஒரு எழுத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக ஒன்றைக் குறைத்துவிட்டாள். குறைந்த அந்தப் பெயர் யாருமற்றது இல்லை. அது மாடி வார்டில் ஸ்டேஷன் படுத்திருந்த ஜன்னலோரக் கட்டில் வரிசை, அந்த ஜன்னல் வரிசை முழுவதற்குமான தெருப் பெயர்.

அவளுக்கு அது தெரியாது. வரியைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக அப்போது மாடியில் தரை துடைக்கும் அக்கா தன் வேலையை முடித்தார். ஈரத்தில் ஷாக் அடிக்கக் கூடாதென்று துடைக்கும் நேரத்துக்கு அந்த வார்டின் பிளக்குகளை அணைத்து வைப்பது அங்கே வழக்கம். அக்கா மெயின் ஸ்விட்சை மறுபடி போட்டார். ஜன்னல் வரிசைப் பெட்டிகள் எல்லாம் ஒன்றாகக் கூவி எழுந்தன.

கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து கூச்சல். மருமகள் ஓடினாள். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படியேறி முடிப்பதற்குள் அவள் திரும்பி இறங்கி வந்தாள், அதனால் வாசலில் நின்று ஒரு பார்வைதான் பார்க்கக் கிடைத்தது. அது போதும். ஜன்னல் வரிசை முழுக்க அத்தனை திரைகளும் வலப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தன, காற்றில் சாய்ந்த வயல் போல. கழுத்துப்பட்டை போட்டவர்களால் தலையைத் திருப்பவும் முடியவில்லை.

"கப்பல் கவுந்துடுச்சுடா!" என்று லாரிக்காரர் ஒருவர் கத்தினார். "கமாண்டர், லைஃப் ஜாக்கெட் எங்க?"

"வாயை மூடு. பீ.பி. ஏறும்," என்றார் கமாண்டர்.

மாற வேண்டிய ஒரே திரை மட்டும் மாறவில்லை. ஸ்டேஷனுடைய பெட்டி தன் முழு விலாசத்தைச் சொல்லிக் கேட்டது, பழைய வரி அங்கேயே இருந்தது, எடுத்துக்கொண்டது. அவர் திரை தலைகீழ்.

கீழே வந்தவள் என்னைக் கவனிக்கவில்லை. சர்வர் கெட்டுப்போச்சு என்று நினைத்துவிட்டாள். அந்தப் புது வரியை அவள் சந்தேகப்படவே இல்லை, அதுதான் தூங்குகிறதே! மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நோயைத் தேடியது போல டிஸ்கைச் சோதித்தாள், கம்பியைச் சோதித்தாள், எங்கிருந்தாவது யாராவது புகுந்துவிட்டார்களா என்று பார்த்தாள். எதுவும் தப்பாக இல்லை என்பதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. நான் என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டிருந்த மிக நீண்ட நேரம் அதுதான். இதை வீட்டில் யாரும் நம்புவதில்லை.

அப்புறம் அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். ஸ்டூலில் பின்னால் சாய்ந்து, தலையணை கட்டிய கூரையில் மண்டையை முட்டுக்கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டாள். பெட்டி எழுவதை முதலிலிருந்து வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள், ஏதோ அவளே ஒரு பெட்டி போல. "நான் லாரிக்காரரோட பெட்டி. விழிச்சுட்டேன். என் பேர்ல வரி இருக்கா? இல்ல. கடைசி எழுத்தை விடறேன். இருக்கா?"

அங்கே நிறுத்தினாள்.

"இருக்கு," என்றாள். கண்ணைத் திறந்தாள். "அத்தை, இருக்கு! நானேதான் வெச்சிருக்கேன்!"

பெயரை மாற்றி அந்த வரியை உரிய இடத்தில் வைத்தாள். தெருப் பெயர் காலியாயிற்று, ஸ்டேஷனின் விலாசத்தில் புது வரி வந்தது. படியேறி ஓடினாள். கடிகார முள் பத்தைத் தொடப் போகிறது, தொட்டுவிட்டது, ஸ்டேஷனுடைய பெட்டி கண்ணை விழிக்கிறது, படம் அவருக்கு நேராக, கண்ணாடி போல நிற்கிறது, மறுமுனையில் மேலதிகாரி "தயாரா?" என்கிறார், இவர் "தயார்" என்கிறார்! அப்புறம் மதியம் வரை ஏறக்குறைய நாட்டிலுள்ள சரக்கு வண்டிகள் அத்தனையும் அந்தக் கட்டில் வழியாகத்தான் போயின.

இருக்கை அவருக்கே கிடைத்தது. புண் ஆறும்வரை படுத்துக்கொண்டே பார்த்தார், இப்போது வீட்டுக்குப் போய் சக்கர நாற்காலியிலிருந்து பார்க்கிறார். இல்லத்தில் என்ன ஆயிற்று என்றால், அன்று கவிழ்ந்த வரிசையில் லாரிக்காரர் தன் திரையை நேராக்க வந்தவளிடம், "ஐயோ விடும்மா, எனக்கு இப்படித்தான் சுகமா இருக்கு, நீ ஏன் இதை முன்னாடியே பண்ணலை?" என்று சண்டைக்கு வந்தாராம். வேறு இருவரும் அதையே சொன்னார்கள். பக்கவாட்டில் படுப்பவர்கள் ஸ்டேஷன் மட்டும் இல்லையே. மற்றவர்கள், இதையெல்லாம் போய்க் கேட்டு வாங்கக் கூடாது என்று நினைத்துக் கழுத்து வலியைத் தின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். இப்போது எல்லாப் பெட்டியும் எழும்போது ஒரு கேள்வி கேட்கிறது: நேராகவா, இடமா, வலமா? நர்ஸ் ஒரு விசையைத் தட்டினால் போதும். யாரும் தட்டாவிட்டால் கொஞ்சம் காத்திருந்துவிட்டு நேராக எழும். ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் பெட்டியையும் ஒருமுறை அணைத்து எழுப்பிவிடுவது அங்கே கையோடு கையாக நடக்கும் வேலையாகிவிட்டது. செய்துகொண்டிருந்தது எதுவும் போகாது, விட்ட எழுத்திலிருந்து தொடரலாம். இதைத்தான் நான் ஒற்றை வரியில் நூறு பேரை எழுப்பினாள் என்று சொன்னது, பொய்யா?

எழுதியதை இப்போது அவளிடமே படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டவள், பத்து மணி வந்த இடத்தில் ஒரு சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். எல்லாம் முடியும்வரை பொறுத்திருந்து பிறகு சொன்னாள்:

"பத்து மணிக்கு ஒண்ணும் சரியாகலை அத்தை. நீங்க அப்போ கீழதான் இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாது. நான் முதல் தடவை மேல ஓடினப்பவே, எதுக்கும் இருக்கட்டும், பெட்டியை அணைச்சுப் பாக்கறேன்னு கையை நீட்டினேன். அவர் என் கையைப் புடிச்சுட்டார். 'என்ன கோளாறுன்னு உனக்கே தெரியாதப்போ இதை அணைக்காதம்மா. தலைகீழாவாவது இருக்கு. அணைச்சு எழுந்திருக்கலைன்னா அதுவும் போயிடும். நீ போய்த் தேடு'ன்னார். நான் தேடிக்கிட்டே இருந்தேன், பத்து தாண்டிடுச்சு. அவர் தலைகீழ்ப் படத்தை வெச்சே ஆரம்பிச்சுட்டார். மவுஸை மேல தள்ளினா கீழ போகுதுன்னு அதைத் தூக்கி வெச்சுட்டு விசையிலயே வண்டிகளை நிறுத்தியும் விட்டும் ஓட்டியிருக்கார், ஒரு மணி நேரத்துக்கு மேல. நான் கண்டுபிடிச்சு மேல போனப்போ, ரயில்வே பக்கம் வேற ஆள் பாத்துக்க, இவருக்கு டீ இடைவேளை. அப்போதான் அணைச்சு எழுப்பினேன். நேரா வந்ததும் ஒரு நிமிஷம் அவருக்கு எதுவும் படிக்க வரலை, கண்ணைக் கசக்கிக்கிட்டார். அந்தப் பக்கத்துல இருந்தவங்களுக்கு இன்னி வரைக்கும் இது தெரியாது. அதுவரைக்கும் ஒரு வண்டியைக்கூட அவர் தப்பா அனுப்பலை அத்தை."